காதுக்குப் போவது துளிதான், பேட்டரி காலியாவது எங்கே?

மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தியபோது என் பழைய எம்பி3 பிளேயர் கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். கையில் எடுத்ததுமே ஏதோ கோளாறு என்று பட்டது. திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இடுக்கு வழியாகப் பார்த்தால், உள்ளே வெள்ளித்தாள் உறை போட்ட பேட்டரி எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது. அதைக் கீழே போட்டதில்லை, தண்ணீரில் நனைத்ததில்லை. நாலு வருடமாகத் தொடக்கூட இல்லை. தொடாமல் வைத்ததுதான் வினை என்பது பிறகுதான் புரிந்தது.

அதே வாரம் மாமா போன் செய்தார். "மாப்ள, காலையில நடக்கப் போறப்ப பாட்டு கேக்க ஒரு டப்பா வாங்கணும். போன் வேணாம், எடுத்துட்டுப் போனா நாலு பேர் கூப்பிடுறான். கடையில ஒண்ணு காட்டுறான், ஒரு தடவை சார்ஜ் போட்டா நாப்பது மணி நேரம் ஓடுமாம். வாங்கலாமா?"

வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இழுப்பறையில் கிடந்தது கண்ணை உறுத்தியது. "ரெண்டு நாள் பொறுங்க மாமா" என்றேன்.

முதலில் ஒரு கணக்கு. காதில் செருகும் சாதாரண இயர்போன் ஒன்றுக்கு 1 மில்லிவாட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய 100 டெசிபெல் சத்தம் வரும். அது காதைக் கெடுக்கும் அளவு. நாம் நிதானமாகக் கேட்பது 70, 80 டெசிபெல்லில். டெசிபெல் கணக்கில் 10 குறைந்தால் மின்சாரம் பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ஆக 80 டெசிபெல்லுக்கு ஒரு காதுக்கு 0.01 மில்லிவாட், இரண்டு காதுக்கும் சேர்த்து 0.02 மில்லிவாட் போதும்.

சிறிய பிளேயரில் 500 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதன் அளவு) பேட்டரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,850 மில்லிவாட்-மணி. அதை 0.02 ஆல் வகுத்துப் பாருங்கள்: 92,500 மணி நேரம். பத்து வருடத்துக்கும் மேல், இரவு பகலாக! ஆனால் அப்படிப்பட்ட பிளேயர் நிஜத்தில் ஓடுவது இருபது மணி நேரம் என்றால், அது சராசரியாக 92 மில்லிவாட் சாப்பிடுகிறது. அதில் காதுக்கு வந்து சேர்வது நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் பந்தி பரிமாறுகிறவர்களே சாப்பிட்டுவிடுகிறார்கள்.

யார் அந்தப் பரிமாறுகிறவர்கள்? 2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாடைத் திறந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். உள்ளே 5 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1.8 அங்குல அகலத்தில். சுழலும் தட்டு என்பதால் அதைச் சுற்றவைக்க மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு நிறைய மின்சாரம் வேண்டும். தட்டு நாள் முழுக்கச் சுற்றினால் பேட்டரி தாங்காது. ஆப்பிள் பொறியாளர்கள் செய்தது இது: கூடவே 32 எம்பி நினைவகம் ஒன்றை வைத்தார்கள். தட்டு சில நொடிகள் சுற்றி, அடுத்தடுத்து வரவேண்டிய பாட்டுகளை மொத்தமாக அள்ளி அந்த நினைவகத்தில் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். அடுத்த இருபது நிமிடம் வரை நினைவகத்திலிருந்தே பாட்டு ஓடும். அப்புறம் தட்டு மறுபடி விழிக்கும். பத்து மணி நேரம் ஓடும் என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பாட்டைப் பாதியில் விட்டு அடுத்தது, அது பிடிக்காமல் அதற்கு அடுத்தது என்று தாவிக்கொண்டே இருப்பவர்களுக்கு அள்ளிக் கொட்டியதெல்லாம் வீண். தட்டு ஓயாமல் எழுந்து சுற்ற வேண்டும். ஒரே கருவி, ஒரே பேட்டரி. ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்பவருக்கு அதிக நேரம் ஓடும், விரல் துறுதுறுப்பு உள்ளவருக்குச் சீக்கிரம் நின்றுபோகும்.

இப்போதைய பிளேயர்களில் சுழலும் தட்டு இல்லை, அசையாத ஃபிளாஷ் நினைவகம்தான். அதனால் செலவு வேறு இடங்களுக்கு மாறியிருக்கிறது. திரைதான் முதல் ஆள். அடுத்து, ஆண்ட்ராய்டு போட்ட பெரிய பிளேயர்களில் பின்னணியில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி பெரிதாக இருந்தும் பல கருவிகள் எட்டு, பத்து மணி நேரத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான். மூன்றாவது, இயர்போனுக்குப் போகும் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் சுற்று. நல்ல தரத்துக்காக 'கிளாஸ் ஏபி' வகைச் சுற்று வைத்தால், பாட்டு நடுவில் நிசப்தம் வரும்போதும் அதில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாடிக்கையாளர் வராவிட்டாலும் கல்லை அணைக்காத தோசைக் கடை போல. வால்யூமைக் குறைத்தால் பேட்டரி ரொம்ப நேரம் வரும் என்று நாம் நம்புவது சிறிய இயர்போன் விஷயத்தில் பெரும்பாலும் பொய்த்துப்போவதும் இதனால்தான். கல்லின் சூட்டுக்குத்தான் செலவு, தோசைக்கு இல்லை.

டப்பாவில் அச்சிட்ட "40 மணி நேரம்" எப்படி வந்தது என்பதும் இப்போது ஊகிக்கக்கூடியதே. திரையை அணைத்துவிட்டு, சுமாரான தரத்தில் (128 கேபிபிஎஸ்) பதிந்த எம்பி3 பாட்டுகளைப் போட்டு, ஈக்வலைசர் இல்லாமல், புளூடூத் இல்லாமல், மிதமான வால்யூமில் ஓடவிட்டு எடுத்த கணக்காகவே அது பெரும்பாலும் இருக்கும். பொய் இல்லை. ஆனால் அப்படிக் கேட்கிறவர் யாரையும் எனக்குத் தெரியாது.

சரி, நாற்பது இல்லை, இருபதுதான் என்றே வைத்துக்கொள்வோம். மாமா நடப்பது தினமும் இரண்டு மணி நேரம் (நடப்பது ஒரு மணி, டீக்கடை ஒரு மணி). பத்து நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆயிற்று. மணிக்கணக்கு அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. வருடக் கணக்குதான் பிரச்சினை.

லித்தியம் அயனி பேட்டரியை 1991ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97. பேட்டரி வேலை செய்யும் விதம் ஊஞ்சல் மாதிரி. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் உலோக ஆக்சைடு பக்கத்திலிருந்து கிராஃபைட் பக்கம் போய் அடுக்குகளுக்கு இடையில் உட்காரும். பாட்டு ஓடும்போது திரும்பி வரும். நடுவில் இருக்கும் திரவம் அவற்றுக்கு வழிவிடும்.

அந்தத் திரவம் கிராஃபைட்டோடு ஒத்துப்போகாது. முதல் சார்ஜிலேயே அது கொஞ்சம் சிதைந்து கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படியும். இந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை. மேற்கொண்டு சிதையாமல் காப்பது அதுதான். ஆனால் வெந்நீர்ப் பாத்திரத்தில் போர் தண்ணீரின் உப்பு படிகிற மாதிரி அது வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். படலம் தடிக்கத் தடிக்க, ஊஞ்சலாட வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கு அதிலேயே சிக்கிக்கொள்ளும். பேட்டரியின் கொள்ளளவு குறைவது இப்படித்தான். நீங்கள் பாட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும் இது நடக்கும். வெப்பமும் முழுச் சார்ஜும் இதை விரட்டுகின்றன.

பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு: பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சார்ஜ் இருக்கும் பேட்டரியை 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்தால் கொள்ளளவில் 4 சதவீதம்தான் போகும். முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் 35 சதவீதம் போய்விடும். மே மாதம் வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் 40 டிகிரி என்பது சாதாரணம்.

சார்ஜ் சுற்றுகளால் வரும் தேய்மானம் தனி. ஐபாட் பேட்டரி 400 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்கும்படி செய்யப்பட்டது என்று ஆப்பிள் சொன்னது. பாதி பாதியாக இரண்டு தடவை போட்டால் ஒரு சுற்று. இருபது மணி நேரம் ஓடும் பிளேயருக்கு 400 சுற்று என்றால் 8,000 மணி நேரம். மாமாவின் கணக்குக்குப் பத்து வருடத்துக்கும் மேல். அதாவது அவருடைய பிளேயர் உழைத்துத் தேயாது, உட்கார்ந்தே கிழடாகும்.

புளூடூத் இயர்பட்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் கதை தலைகீழ். ஒரு சார்ஜில் ஐந்து மணி நேரம்; 400 சுற்றுக்கு 2,000 மணி நேரம்; தினம் இரண்டு மணி என்றால் மூன்று வருடம்கூட இல்லை. அதோடு இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று என நாலு பேட்டரி. நாலில் எது முதலில் போனாலும் பாட்டு போச்சு. மாமாவிடம் ஒயர் வைத்ததே வாங்குங்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். அவர் நினைத்தது போலக் கஞ்சத்தனம் இல்லை.

என் பிளேயர் உப்பியது எப்படி? அதே திரவம் சிதையும்போது கரியமில வாயு போன்ற வாயுக்களும் உண்டாகும். தட்டையான பேட்டரிக்கு இரும்பு ஓடு கிடையாது, மெல்லிய உறைதான். வாயு வெளியேற வழியில்லாமல் உறை உப்பும். நான் செய்த இன்னொரு தப்பு, சார்ஜே இல்லாமல் வருடக்கணக்கில் போட்டுவைத்தது. அணைத்து வைத்த பிளேயரும் உள்ளே துளித்துளியாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் போட்டால் அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன்.

முன்பெல்லாம் இந்தத் தலைவலி இல்லை. 1979 ஜூலையில் ஜப்பானில் வந்த முதல் வாக்மேனில் இரண்டு ஏஏ செல், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே அதுதான். 1998ல் வந்த ரியோ எம்பி3 பிளேயரில் ஒன்றே ஒன்று. தீர்ந்ததா, பெட்டிக்கடையில் வாங்கி மாட்டு. சக்தியிலும் அது குறைச்சல் இல்லை. நல்ல ஆல்கலைன் ஏஏ செல்லில் ஏறக்குறைய 3 வாட்-மணி இருக்கும். நம் 500 எம்.ஏ.எச். லித்தியத்தைவிட அதிகம். தோற்றது உருவத்தில்தான். ஏஏ செல்லின் தடிமன் 14.5 மில்லிமீட்டர், லித்தியத்தை 3 மில்லிமீட்டராகத் தட்டலாம். ஒல்லியான கருவிதான் வேண்டும் என்று எல்லோரும் கேட்டோம். பேட்டரியை ஒட்டி மூடிவிட்டார்கள். ஐபாடிலேயே இது பெரிய சண்டையானது. பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2005ல் சமரசத்தில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சிறு கருவிகளில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாட்ட முடியவேண்டும். சில விலக்குகள் உண்டு.

நம் ஊரில் ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலும் பஸ் ஸ்டாண்டு கடைகளிலும் தொங்கும் மெமரி கார்டு போடுகிற பாட்டுப் பெட்டிகள். பலவற்றின் முதுகு மூடியை நகத்தால் தள்ளினால் உள்ளே பழைய நோக்கியா பேட்டரி, பிஎல்-5சி. 3.7 வோல்ட், 1,020 எம்.ஏ.எச்., கிட்டத்தட்ட 3.8 வாட்-மணி. அந்தப் போன்கள் மறைந்தும் பேட்டரி மட்டும் ஒரு பொது அளவாகத் தங்கிவிட்டது. போலிகளும் ஏராளம். 1,020க்கு மேல் எவ்வளவு அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். ஒலித் தரமும் சுமார்தான். நான் எனக்கென்று வாங்கமாட்டேன்.

மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. இயர்போன் துளை இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, பொத்தான் பெரிதாக இருக்கிறது. ஸ்பீக்கரில் அலறவிட்டால் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்தான்; காது துவாரத்தை நிரப்புவதும் தெருவை நிரப்புவதும் ஒன்றா? கூட ஒரு பேட்டரி உபரியாக வாங்கிக்கொண்டார்.

போன வாரம் போனபோது அதை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பேட்டரி, இரண்டு பீரோ சாவி, ஐந்து ரூபாய் நாணயங்கள்.

"மாமா, அந்த மஞ்சள் முனைகளைச் சாவி ஒண்ணாத் தொட்டா சுட்டுடும்" என்று சொல்லி, மாத்திரை வாங்கிய பிளாஸ்டிக் கவரில் பேட்டரியை மட்டும் தனியாகப் போட்டுக் கொடுத்தேன். சாவியை டப்பாவிலேயே விட்டுவிட்டேன்.