நிலைத்தன்மை அறிக்கையில் தலைமைச் செயல் அதிகாரியின் கைரேகை

சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளில் தாங்கள் செய்ததை நிறுவனங்கள் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் தொழில். அறிக்கையின் எண்களுக்குள் நுழையும் முன், தலைமைச் செயல் அதிகாரி யார், எங்கிருந்து வந்தவர், எத்தனை ஆண்டுகளாகப் பதவியில் இருக்கிறார் என்பதைப் பார்த்துவிடுவது என் வழக்கம். நிறுவனத்தின் முடிவுகளில் உயர் நிர்வாகிகளின் அனுபவமும் மதிப்பீடுகளும் பிரதிபலிக்கின்றன என்று ஹாம்ப்ரிக், மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-லேயே எழுதினார்கள்.

ஆனால் இதை மேலோட்டமாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நிதித் துறையிலிருந்து வருபவருக்குச் சுற்றுச்சூழலில் அக்கறை இராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நெஸ்லேயில் தலைமை நிதி அதிகாரியாக இருந்த பால் போல்மன்தான் 2009-ல் நுகர்பொருள் நிறுவனமான யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்று, காலாண்டு லாப முன்கணிப்பை நிறுத்தினார். வணிகத்தை வளர்த்துக்கொண்டே சுற்றுச்சூழல் பாதிப்பைப் பாதியாக்கும் திட்டத்தை 2010-ல் அறிவித்தார். அவருக்குப் பின் வந்த ஆலன் ஜோப் காலத்தில், 2025-க்குள் (மறுசுழற்சி செய்யப்படாத) புதிய பிளாஸ்டிக் பயன்பாட்டைப் பாதியாகக் குறைப்பதாக 2019-ல் உறுதியளிக்கப்பட்டது. அடுத்தவரான ஹைன் ஷூமாக்கர் காலத்தில், 2024-ல், அது 2026-க்குள் 30 சதவீதம் என்று தளர்ந்தது. வணிகச் சூழலும் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்; எனினும் தலைமை மாறியபோது இலக்கும் மாறியது என்பதை முதலீட்டாளர் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த படிவத்தில் நிலைத்தன்மைத் தகவல்களைக் கட்டாயம் வெளியிட வேண்டும். படிவம் பொதுவாக இருப்பதால் எல்லா அறிக்கைகளும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அதன் அத்தியாவசியக் குறியீடுகள் மட்டுமே கட்டாயம். அதற்கும் மேலான பொறுப்பைக் காட்டும் தலைமைத்துவக் குறியீடுகளை நிரப்புவது நிறுவனத்தின் விருப்பம். என் அனுபவத்தில், மேலிருப்பவரின் மனப்போக்கு தெளிவாகத் தெரிவது அந்தப் பகுதியில்தான்.

புதிதாகப் பதவியேற்றவர் ஒப்பீட்டுக்கான அடிப்படை ஆண்டை மாற்றுகிறாரா என்பதை நான் மிகுந்த கவனத்துடன் பார்ப்பேன். ஆலை விற்பனை, இணைப்பு போன்ற நியாயமான காரணங்கள் இருக்கக்கூடும். காரணம் சொல்லாமல் மாற்றினால், முந்தையவர் காலத்தோடு ஒப்பிடும் வழியே அடைபட்டுவிடும். இயக்குநர் குழுத் தலைவர் பதவியும் நிர்வாக இயக்குநர் பதவியும் ஒருவரிடமே இருக்கும் இடங்களில், இதை உள்ளுக்குள் கேள்வி கேட்கும் ஆட்கள் குறைவு.

ஆகவே ஒரே நிறுவனத்தின் மூன்றாண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் படியுங்கள். விளக்கமின்றி மறைந்துபோன இலக்குகளைக் குறித்துவைத்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவற்றைப் பற்றி எழுத்துமூலம் கேளுங்கள்.