தாய்வழியில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது மந்தமானதா?

காது மூக்கு தொண்டை மருத்துவராக எல்லோரிடமும் இப்போது இதைக் கேட்கிறேன். கேட்க வைத்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். சிறுநீரகத் தொற்றுக்காக வேறோர் இடத்தில் ஐந்து நாள் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தார்கள். மருந்தும் சரி, அளவும் சரி. தொற்று போய்விட்டது. இரண்டே வாரத்தில் காதில் இரைச்சல், அப்புறம் பக்கத்து அறையில் குக்கர் விசிலே கேட்கவில்லை. கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் படத்தில் கோடு வலப்பக்கம் போகப் போகச் சறுக்கிக் கீழே இறங்கியிருந்தது; கீச்சென்ற ஒலிகள்தான் அதிகம் போயிருந்தன.

கூட வந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்க அம்மாவுக்கும் டி.பி. ஊசி போட்டப்புறம்தான் டாக்டர் காது போச்சு. என் தம்பிக்கும் சின்ன வயசுல அப்படித்தான்." கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன். பாட்டி, தாய்மாமா, இந்தப் பெண். ரத்தப் பரிசோதனை உறுதி செய்தது: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 1555ஆவது இடத்தில் 'ஏ' என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து காதை ஏன் தாக்க வேண்டும்? காரணம் சுமார் 200 கோடி ஆண்டுப் பழசு. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. இன்னொரு நுண்ணுயிருக்குள் குடியேறி அங்கேயே தங்கிவிட்டது. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் இதை விரிவாக வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை. இன்று அதில் சந்தேகமே இல்லை.

இடம் கொடுத்தது யார்? ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று. 2015இல் வட அட்லாண்டிக் ஆழ்கடல் சேற்றில் கிடைத்த டிஎன்ஏவில், நம்மைப் போன்ற சிக்கலான செல்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த மரபணுக்கள் இருந்தன. லோக்கி ஆர்க்கியா என்று பெயர் வைத்தார்கள். உயிரோடு பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். 2006இல் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றை வைத்துக்கொண்டு, ஹிரோயுகி இமாச்சியின் குழு பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டு லோக்கியின் உறவினர் ஒன்றை வளர்த்தெடுத்தது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்; இதற்கு 14 முதல் 25 நாள். தனியாக வாழாது, கூட்டாளி நுண்ணுயிர் வேண்டும். உடலிலிருந்து கிளை கிளையாகக் கைகள் நீண்டிருக்கும். அப்படிப்பட்ட கைகள்தான் அன்று அந்த பாக்டீரியாவை வளைத்துப் பிடித்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 2020இல் வெளியான அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடிவந்த பாக்டீரியா தன் டிஎன்ஏவையும் புரதம் செய்யும் ரைபோசோமையும் இன்றும் வைத்திருக்கிறது. ஜென்டாமைசின், அமிகாசின், அந்தப் பாட்டிக்குப் போட்டது போன்ற டி.பி. ஊசியான ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் தாக்குவது பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான். நம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ரைபோசோம் சற்றே மாறிவிட்டதால் பெரும்பாலோர் தப்பிக்கிறோம், அளவு மிஞ்சினால் யாருக்கும் ஆபத்துதான். அந்த 1555 மாற்றம் உள்ளவர்களுக்கோ அது மறுபடியும் பாக்டீரியாவின் சாயலுக்கே போய்விடுகிறது. மருந்து அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. ஒலியை உணரும் உட்காதின் மயிர் செல்கள் அதனால் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ரத்தத்தில் கிருமி பரவிய பச்சிளங்குழந்தைக்கு ஜென்டாமைசின் உயிர் காக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து 26 நிமிடத்தில் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் குடும்பக் கதைதான் பரிசோதனை. ஊசி போடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. அதனால் அந்தப் பெண்ணின் மாமா பிள்ளைகளுக்குக் கவலையில்லை, அம்மாவின் தங்கையான சித்தியின் பிள்ளைகளுக்கு உண்டு. சித்தி அடுத்த வாரமே மூன்று பிள்ளைகளையும் கூட்டிவந்தார். மூவருக்கும் அதே மாற்றம். ஆளுக்கோர் அட்டையில் அந்த மூன்று மருந்துகளின் பெயரையும் எழுதி, கீழே சிவப்பு மையில் சேர்த்தேன்: "வேறு மருந்து இருந்தால் இவை வேண்டாம்."