பிளவுக்கு நடுவே ஒரு பனிமலை

"கண்டம் பிளந்தால் நிலம் இறங்கத்தானே வேண்டும்? ருவென்சோரி எப்படி எழுந்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவின் மேற்குக் கிளையில், உகாண்டா-காங்கோ எல்லையில் இருக்கிறது இந்த மலைத்தொடர். நிலநடுக்கோட்டை ஒட்டியே இருந்தும் உச்சியில் பனி. மார்கரிட்டா சிகரத்தின் உயரம் 5,109 மீட்டர்.

கிளிமஞ்சாரோவைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருக்கலாம்: எரிமலை, குழம்பு குவிந்து உயர்ந்தது. ருவென்சோரி அப்படியல்ல. அதன் உடம்பு முழுக்க நைஸ் போன்ற உருமாறிய பாறைகள். வெளிர்பட்டையும் கரும்பட்டையுமாக மடிந்து கிடக்கும் அந்தப் பாறைக்கு வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் அது மலையாக உயர்ந்தது பெரும்பாலும் கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில்தான்.

பிளவில் என்ன நடக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். மேலோடு இழுபட்டு விரிசல் விடும், நடுப்பகுதி இறங்கும், ஓரங்கள் கொஞ்சம் மேலெழும். ஆனால் அந்த ஓர எழுச்சி மட்டும் இவ்வளவு உயரத்துக்குப் போதாது. சரி, இமயமலை மாதிரி, மேலோடு அடியில் தடித்து இறங்கி மலையைத் தாங்கும் வேர் இருக்குமோ? 2006-ஐ ஒட்டி ஜெர்மானிய, உகாண்டா ஆய்வாளர்கள் மலையைச் சுற்றி நில அதிர்வுமானிகளை வைத்துப் பார்த்தார்கள். மலைக்குக் கீழே மேலோடு 30 கிலோமீட்டர்கூட இல்லை. இமயமலைப் பகுதியில் அது 70 கிலோமீட்டர் வரை போகும். இங்கே வேரே இல்லை!

என்னை மயக்கும் விளக்கம் இனிமேல்தான். பிராங்க்பர்ட்டைச் சேர்ந்த வால்னரும் ஷ்மெலிங்கும் 2010-ல் கணினி மாதிரி மூலம் முன்வைத்தது இது. இங்கே பிளவு ஒரே கோடாக ஓடவில்லை. வடக்கிலிருந்து ஆல்பர்ட் ஏரிப் பிளவும் தெற்கிலிருந்து எட்வர்ட் ஏரிப் பிளவும் சற்றே விலகி வளர்ந்து வந்து, ஒரு துண்டு நிலத்தை இருபுறமும் வளைத்துக்கொண்டன. இரண்டு பிளவுகளின் அடியிலும் சூடான மேன்டில், அதாவது மேலோட்டுக்குக் கீழே இருக்கும் பாறை அடுக்கு, மேலேறியது. அந்தச் சூட்டில் துண்டின் கீழ் மேலோடு இளகியது. அதற்கும் கீழே ஒட்டியிருந்தது கண்டத்தட்டின் அடிப்பகுதி: குளிர்ந்தது, அதனால் அடர்த்தி மிகுந்தது, காலங்காலமாக மேலோட்டைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. பிடிப்பு இளகியதும் அந்த அடிப்பகுதி கழன்று மேன்டிலுக்குள் மூழ்கத் தொடங்கியது. அடியில் கட்டிய கருங்கல் அறுந்துபோன தோணிபோல, மேலே மிஞ்சிய மேலோடு மிதந்து உயர்ந்தது. இருபுறமும் பிளப்புகள், அதாவது பாறை உடைந்து நகரும் விரிசல்கள், ஏற்கெனவே அறுத்து வைத்திருந்ததால் அக்கம்பக்கத்து நிலம் அதைத் தடுக்கவும் இல்லை.

ஆக, மேலோட்டை மெலிய வைக்கிற அதே பிளவுதான் மலையையும் எழுப்பியிருக்கிறது. இது இன்னும் கருதுகோள்தான். பனியாறுகளின் அரிப்பால் சுமை குறைந்ததும் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் வேரில்லாத மலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் என் கண்ணில் படவில்லை.

மலையைச் சுற்றி வைத்த நில அதிர்வுமானிகள் இன்னொன்றையும் காட்டின. மலைக்குக் கீழே 50 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், மேன்டிலுக்குள்ளேயே, சிறு அதிர்வுகள். அவ்வளவு சூட்டில் பாறை இளகி வளைய வேண்டும், உடையக் கூடாது. மேலேறும் மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதை உறுதிசெய்ய வருடக்கணக்கில் கருவிகள் அங்கேயே இருக்க வேண்டும். உடனடிப் பலன் கேட்கிறவர்கள் இதற்குப் பணம் தர யோசிப்பார்கள். தரத்தான் வேண்டும் என்பது என் கருத்து. 1966 மார்ச்சில் இதே மலையடிவாரத்தில் வந்த நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே அடுத்தது எந்தப் பிளப்பில் வரக்கூடும் என்று கணிக்கவும் இதே பதிவுகள்தான் வேண்டும்.