கொசுமேல் போட்ட பழி

1998 செப்டம்பர் கடைசியில், மலேசியாவின் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்கள் காய்ச்சல், தலைவலி என்று படுத்தார்கள். சிலர் நினைவு தப்பி இறந்தும் போனார்கள். பன்றியும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்தால் அந்த ஊர் மருத்துவர்களுக்கு முதலில் தோன்றுவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். அந்த வைரஸ் பன்றிக்குள் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வரும். சிலரின் ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. அப்புறம் என்ன, கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோய் நிற்கவில்லை. பன்றிகள் விற்பனைக்காக லாரியேறியபோது நோயும் கூடவே மலேசியாவின் இன்னொரு மாநிலமான நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது.

யாருக்கு நோய் வரவில்லை என்பதில்தான் துப்பு இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களையும் அது விடவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தும் பன்றியைத் தொடாத மலாய் முஸ்லிம்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? போதாக்குறைக்குப் பன்றிகளே நாய் குரைப்பதுபோல இருமின. நோயுற்றவர்களையும் நலமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டு விசாரித்தபோது, நோயாளிப் பன்றியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ராட்சதச் செல்களாயின. அமெரிக்காவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், அது தட்டம்மை வைரஸின் குடும்பம்! ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு அது உறவே இல்லை. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்குத்தான் நெருங்கிய சொந்தம். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் இதற்கு நிப்பா வைரஸ் என்று பெயர் வந்தது.

சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்ற பிறகே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்குத் தொற்று, 105 பேர் சாவு. மலேசியப் பன்றிகள் போன சிங்கப்பூரிலும் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயில் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார்.

சரி, பன்றிக்கு எங்கிருந்து வந்தது? ஹெண்ட்ராவின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பதால் சந்தேகம் அங்கே திரும்பியது. பண்ணைத் தொழுவங்களை ஒட்டியே பழமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்டது கீழே பன்றிக்குத் தீனி. ஆனால் பறக்கும் வௌவாலைப் பிடித்துச் சோதிப்பது லேசில்லை. அதனால் சுவாவின் குழு மலேசியாவின் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, மேலிருந்து விழும் சிறுநீருக்காகக் காத்திருந்தது. அந்தச் சிறுநீரில் நிப்பா கிடைத்தது; வௌவால் பாதி தின்றுவிட்டுப் போட்ட பழத்திலும் கிடைத்தது.