சொன்னால் பலிக்காத ஆசையும் மூன்று வோல்ட் பேட்டரியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவராக இருக்கும் எனக்கு, விழுங்கக் கூடாததை விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகள் புதியவர்கள் அல்லர். நாணயம், மீன்முள், தோடு என்று எத்தனையோ எடுத்தாயிற்று. ஆனால் கேட்ட வரம் தரும் டிராகன் ஒன்று வரும் கார்ட்டூன் படத்தைக் குற்றஞ்சாட்டியபடியே, ஒரே பள்ளி விடுமுறைக்குள் மூன்றாவது குடும்பமும் பேட்டரி விழுங்கிய பிள்ளையோடு நள்ளிரவில் வந்து நின்றபோது, இதற்குமேல் எழுதாமலிருப்பது தவறு என்று தோன்றியது. குடும்பத்தாரின் இசைவோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன்.

சிறுமிக்கு ஐந்து வயது. படம் பார்த்த மறுவாரமே, அதில் வரும் டிராகனைப் போன்ற பொம்மை ஒன்றை வீட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வயிற்றை அழுத்தினால் நெஞ்சில் பதித்த முத்து நீலமாக ஒளிரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒளி மங்கிப்போகவே, தந்தை வெண்ணெய் தடவும் கத்தியால் மூடியை நெம்பித் திறந்து, நாணயம்போல் தட்டையான பழைய பட்டன் பேட்டரியை எடுத்துக் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் புதியது தேட உள்ளே போனார். மூடியின் திருகாணி என்றைக்கோ தொலைந்திருந்தது. அவர் திரும்பி வந்தபோது பழைய பேட்டரியும் அங்கே இல்லை. யாராவது குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். இரவு சிறுமி சோறு வேண்டாம் என்றாள், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியவிட்டாள். அவளுடைய ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, சளி என்று எண்ணி மிளகு ரசம் வைத்துக் கொடுக்க, அதையும் துப்பிவிட்டாள். எதையாவது விழுங்கினாயா என்று மூன்று பெரியவர்கள் தனித்தனியாகக் கேட்டும் இல்லை என்றே தலையசைத்தாள். எக்ஸ்ரே எடுக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. காணாமற்போன பேட்டரி அவளுடைய உணவுக்குழாயில் சிக்கியிருந்தது.

அவள் பொய் சொல்லவில்லை என்பதே என் கருத்து. டிராகனின் வரம் அந்த முத்துக்குள் இருப்பதாகவும், வெளிச்சம் அணைவதற்குள் அதைத் தனக்குள் போட்டுக்கொண்டால் வரம் தனக்கு வந்துவிடும் என்றும் அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். வெளியே சொன்னால் பலிக்காது என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இரண்டு முதல் ஏழு வயதுவரை பிள்ளைகளின் சிந்தனை இப்படித்தான் ஓடும் என்று குழந்தை உளவியலாளர் பியாஜே எழுதிவைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே இந்த வயதுப் பிள்ளை 'இல்லை' என்று தலையாட்டுவதை வைத்து எந்த மருத்துவரும் முடிவெடுக்கக் கூடாது, எந்தப் பெற்றோரும் நிம்மதியடையக் கூடாது.

"அந்தப் படம்தான் டாக்டர், அதைப் பார்த்ததிலிருந்துதான் பிள்ளைக்கு இந்தப் புத்தி" என்றார் ஆயா. அந்த வீட்டில் தமிழ் பேசுபவர் அவர் ஒருவர்தான். மகனுக்கு ஆங்கிலம் மட்டுமே வரும். நான் அவரிடம், "அம்மா, நாகரத்தினத்தைக் கக்கி வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் இரை தேடும் பாம்பின் கதையைப் பிள்ளைக்கு நீங்கள் சொன்னதில்லையா?" என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார். ஒளிரும் மணிக்குள் வரம் இருக்கிறது என்ற எண்ணம் எந்த ஸ்டூடியோவும் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. கேட்டதைத் தரும் சிந்தாமணி நம் புராணங்களிலும் பௌத்த நூல்களிலும் இருக்கிறது. சீன ஓவியங்களில் டிராகன் துரத்தும் முத்தும் அதனோடு தொடர்புடையதாகச் சொல்லப்படுவதுதான். அந்த முத்தை ஒரு சிறுவன் விழுங்கிவிட்டு டிராகனாகவே மாறிவிடும் சீன நாட்டுப்புறக் கதையும் உண்டு. நானும் என் பேரனோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன், நல்ல படம். இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டுத் திரைப்பட, வெளியீடுகள் சட்டத்தின்கீழ் இயங்கும் வாரியம் படத்துக்குத்தான் வயது வகைப்பாடு தருகிறது, படத்தைப் பார்த்துவிட்டு நாம் வாங்கும் பொம்மைக்கு அன்று. பொம்மையின் மூடியை நாம்தான் பார்க்க வேண்டும். படத்தைத் திட்டுவதில் கழிந்த நேரத்தில் பாதி போதும், அந்த வீட்டில் ஒரு திருகாணியை மாட்டியிருக்கலாம்.

இனி, என்னை உண்மையாகவே எரிச்சலூட்டும் பேச்சுக்கு வருகிறேன். "அது தீர்ந்துபோன பேட்டரிதானே, டாக்டர்?" மூன்று குடும்பங்களும் இதைக் கேட்டன. இந்தக் கேள்வியைப் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் கேட்கிறார்கள், பொறியாளர் ஒருவரும் கேட்டார். பொம்மைக்குத் தீர்ந்துபோனது தொண்டைக்குத் தீர்ந்துபோனதாகாது. CR என்ற எழுத்துகளும் 2032 என்ற எண்ணும் பொறித்த பேட்டரி புதிதாக இருக்கும்போது 3 வோல்ட் தரும். நீல விளக்கு ஒன்று ஒழுங்காக எரியக் கிட்டத்தட்ட அவ்வளவு தேவைப்படுவதால், பேட்டரி சற்றே இறங்கினாலும் விளக்கு மங்கிவிடுகிறது, நாம் பேட்டரி செத்துவிட்டது என்கிறோம். ஆனால் தண்ணீரைப் பிளக்க ஏறத்தாழ 1.2 வோல்ட் போதும். ஈரமான உணவுக்குழாயின் இரு சுவர்களுக்கு நடுவே சிக்கிய பேட்டரி, எச்சிலையும் சதையையும் கம்பியாக்கிக்கொண்டு மின்சாரத்தை ஓடவிட, அதன் எதிர்மின்முனைப் பக்கத்தில் கடுங்காரம் (அமிலத்துக்கு நேரெதிரான, ஆனால் அதைப்போலவே அரிக்கும் பொருள்) உண்டாகிச் சதையைக் கரைக்கிறது. அமிலம் கசிந்து புண்ணாக்குகிறது என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நான் வெளியே எடுக்கும் பேட்டரிகளில் பெரும்பாலானவை கசியாதவை, உடையாதவை. ஆகவே பழையதா புதியதா, நல்ல கம்பெனியா மலிவா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். விளக்கை எரியவைக்க முடியாத பேட்டரிக்கும் உங்கள் பிள்ளையின் உணவுக்குழாயை எரிக்கும் தெம்பு மிச்சமிருக்கிறது.

அடுத்தது வாழைப்பழ வைத்தியம். நாணயத்தை விழுங்கிய பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்து இரண்டு நாள் காத்திருந்து வென்ற கதை நம் குடும்பங்களில் ஒன்றாவது இருக்கும். அந்த அனுபவத்தைத்தான் இங்கேயும் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். இந்த வகைப் பேட்டரியின் விட்டம் 20 மில்லிமீட்டர், நம் ஒரு ராண்ட் நாணயமும் சரியாக அதே 20 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயிலும் முதற்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உற்றுப் பார்த்தால் பேட்டரியின் விளிம்புக்கு உள்ளே இரண்டாவது வளையம் ஒன்று தெரியும், பக்கவாட்டுப் படத்தில் ஒரு சிறு படி தெரியும். எங்கள் துறையில் இளையவர்களுக்கு முதலில் கற்றுத்தருவது இதைத்தான். நாணயம் என்று எழுதிவிட்டுக் காலைவரை காத்திருந்தால் பிள்ளையின் விதியே மாறிவிடும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண்ணை உண்டாக்கிவிடலாம். இந்தச் சிறுமிக்கு அது ஏறத்தாழ பத்து மணி நேரம் உள்ளே இருந்தது.

எடுத்துவிட்டோம் என்பதால் கதை முடிந்துவிடுவதுமில்லை. பேட்டரி வெளியே வந்த பிறகும் அந்தக் காரத்தின் வேலை சில நாள் தொடர்வதால், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழலாம், குரல்நாண் செயலிழக்கலாம், எல்லாவற்றிலும் கொடியதாக, பின்னால் ஓடும் பெருந்தமனிவரை புண் அரித்துச் சென்று, பிள்ளை வீடு திரும்பி நாட்களோ வாரங்களோ கழிந்தபின் திடீரென்று இரத்த வாந்தி எடுக்கலாம். அதனால்தான் ஆசிட் குடித்தவரைப் பார்ப்பதைவிடக் கூடுதல் பயத்தோடு இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். எங்கள் சிறுமிக்கு இரண்டு வாரம் மூக்குவழிக் குழாயில்தான் ஆகாரம்.

பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே கிளம்புங்கள். வழக்கமான குடும்ப மருத்துவரின் அறைக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டாம். எக்ஸ்ரேயும் அவசரப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நேரே போங்கள். வண்டி இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. வரவேற்பில் பெயர், முகவரி சொல்வதற்குமுன் 'பட்டன் பேட்டரி' என்ற சொல்லைச் சொல்லுங்கள், காத்திருக்கச் சொன்னால் குரலை உயர்த்துங்கள், அதில் வெட்கம் வேண்டாம். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உணவு கொடுக்காதீர்கள். ஒரு வயது நிறைந்த பிள்ளை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாத நிலையில், விழுங்கவும் முடிகிறதென்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டித் தேன், ஆறு முறைக்கு மிகாமல், கொடுக்கலாம். அது காரத்தின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். தேன் எடுக்கக் கடைக்குப் போகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூக்கிலோ காதிலோ பேட்டரியைச் செருகிக்கொண்டால் சொட்டு மருந்து, எண்ணெய், உப்புநீர் எதையும் விடாதீர்கள். நனைந்தால் சேதம் கூடும்.

பொம்மையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள் என்பதைக் கெஞ்சியே கேட்கிறேன். பொம்மைகளின் பேட்டரி மூடியைப் பிள்ளைகள் எளிதில் திறக்க முடியாதபடி செய்ய வேண்டுமென்ற தரவிதியாவது உண்டு. லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் வாங்கிக் குவித்த சின்னச் சின்ன பேட்டரி மெழுகுவத்திகள், தீபாவளிக்கு வாசலில் வைத்த மின்அகல்கள், கார் சாவி, சமையலறைத் தராசு, திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றின் மூடியை மூன்று வயதுப் பிள்ளை நகத்தாலேயே திறந்துவிடும். ஆஸ்திரேலியா 2022 ஜூன் 22 முதல் இவை எல்லாவற்றுக்கும் கட்டாயப் பாதுகாப்புத் தரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவும் அதே ஆண்டில், பட்டன் பேட்டரியால் இறந்த ஒரு குழந்தையின் பெயரிலேயே சட்டம் இயற்றியது. சட்டம் வரும்போது வரட்டும், உங்கள் வீட்டில் சல்லடை போட்டுத் தேட அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பேட்டரியை மாற்றும்போது பிள்ளை அறையில் இருக்க வேண்டாம். பழையதை மேசைமேல் வைக்காமல் கையோடு இருபுறமும் ஒட்டுநாடாவால் மூடி, உயரத்தில் உள்ள டப்பாவில் போட்டுவைத்து, பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் கடைப்பெட்டியில் சேர்த்துவிடுங்கள். படம் பார்த்த பிள்ளையிடம் "எதையாவது விழுங்கினாயா?" என்று மிரட்டாமல், டிராகனின் முத்து இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், நான் அப்படிக் கேட்டபோதுதான் அந்தச் சிறுமி, மயக்க மருந்து கொடுப்பதற்குச் சற்றுமுன், தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினாள். இன்றிரவு பிள்ளை தூங்கியதும் பொம்மையைக் கவிழ்த்து, மூடியின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி நகர்த்திப் பாருங்கள். அசைந்தால், காலையில் அது பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது.