ஹீட்டர் சுட வேண்டும், பிளக் ஏன் சுடுகிறது?

வாளித் தண்ணீரில் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்வோம். அது ஓடும்போது சாக்கெட்டில் 230 வோல்ட், வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 6.5 ஆம்பியர். ராடின் மின்தடையையும் திறனையும் கணக்கிட இந்த இரண்டு எண்களே போதும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓமில், பெருக்கினால் திறன் வாட்டில். 230-ஐ 6.5-ஆல் வகுக்க 35.4 ஓம், பெருக்க 1495 வாட்.

இரண்டு அளவுகளையும் ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். சும்மா இருக்கும் சாக்கெட்டில் 238 காட்டுவது, சுமை ஏறியதும் 230-க்கு இறங்கலாம். கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு வயர் போக வேண்டும் என்பதும் முக்கியம். முழு கேபிளையும் கவ்வினால், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மீட்டர் பூஜ்யம் காட்டும்.

ராடைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் ஓம் பார்த்தாலும் ஏறக்குறைய அதே 35 வரும். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது. பழைய 60 வாட் குண்டு பல்பில் இந்த வித்தை பலிக்காது. எரியும்போது அதன் மின்தடை சுமார் 880 ஓம்; ஆறிய பல்பை மீட்டரில் வைத்தால் 60, 70 ஓம்தான் இருக்கும். டங்ஸ்டன் இழை அப்படிப்பட்டது. மோட்டாருக்கோ இந்தக் கணக்கே வேறு. ஃபேனின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர். அதில் உண்மையில் செலவாகும் பங்கைச் சொல்லும் பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் வாட்.

இனி வோல்ட்டேஜ் 180-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். ராடின் 35.4 ஓம் அப்படியே இருக்கிறது, கரண்ட் 5.1 ஆம்பியருக்குக் குறைகிறது. திறன் 915 வாட். வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு போல்தான் குறைந்தது, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட்டேஜ் குறையும்போது கரண்டும் கூடவே குறைவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற்ற 19 நிமிடம் போதுமென்றால், இப்போது அரை மணி நேரம். வாளியிலிருந்து வெளியே போகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மீட்டரில் ஓடுவது இரண்டு முறையும் சுமார் 0.47 யூனிட்தான். கரன்ட் பில்லில் பெரிய வித்தியாசம் வராது.

பலரும் குழம்பும் இடம் அடுத்தது. மின்தடை குறைந்தால் சூடு கூடுமா, மின்தடை கூடினால் சூடு கூடுமா? திறன் என்பது வோல்ட்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தது என்று ஒரு சூத்திரம். கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது என்று இன்னொன்று. இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். ராடுக்கு வோல்ட்டேஜ் நிலையாகக் கிடைக்கிறது. எனவே ஓம் குறைந்த ராடு அதிகம் சுடும். பிளக்கின் பின் சாக்கெட்டைத் தொடும் இடமோ ராடோடு வரிசையாக இருக்கிறது. அங்கே எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை ராடுதான் தீர்மானிக்கிறது. ஆகவே அந்த இடத்தில் ஓம் கூடக் கூடச் சூடும் கூடும்.

நல்ல இணைப்பின் மின்தடை கணக்கில் கொள்ளவே தேவையில்லாத அளவு சிறியது. பித்தளைக் கவ்வி தளர்ந்து அது அரை ஓம் ஆகிவிட்டால்? மொத்த ஓம் சற்றுக் கூடியதால் கரண்ட் 6.4 ஆம்பியர். அதன் வர்க்கம் 41. அதில் பாதி, சுமார் 20 வாட். சோல்டரிங் அயன் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் சாக்கெட்டின் கதி புரியும். சூடு ஏற ஏறப் பித்தளை விறைப்பை இழக்கிறது, தொடும் பரப்பில் ஆக்சைடு படிகிறது, ஓம் இன்னும் கூடுகிறது.

கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் எம்.சி.பி ஏன் விழவில்லை என்று கேட்பார்கள். விழாது. கரண்ட் 6.5-லிருந்து 6.4 ஆகக் குறைந்துதானே இருக்கிறது! நிலத்துக்குக் கசிவும் இல்லாததால், கசிவைக் கண்டால் அணைக்கும் ஆர்.சி.சி.பி-யும் பேசாமல் இருக்கும். மல்ட்டிமீட்டரால் அந்த அரை ஓமைப் பிடிப்பதும் கடினம். அதன் சொந்த வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். எளிய சோதனை: பத்து நிமிடம் ஓடியதும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பின்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோவது. இளஞ்சூடு சகஜம். தொட முடியாத சூடோ, பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ இருந்தால் அந்த பாயின்ட்டை அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

1500 வாட் ராடைச் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. 6.5 ஆம்பியர் என்ற கணக்கே அது தப்பென்று சொல்கிறது. அதற்குரியது 16 ஆம்பியர் பாயின்ட். இரண்டையும் இணைக்கும் கன்வர்ட்டர் பிளக் போட்டால், தளரக்கூடிய தொடுமிடங்கள் இரட்டிப்பாகும்.

கருகியதை மாற்றும்போது மெயினை அணைத்துவிட்டுப் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்ற வேண்டும். தளர்ந்த பழைய சாக்கெட் புதுப் பிளக்கையும் கருக்கிவிடும். கறுத்த வயர் நுனியைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும்.