சூடானதும் ஸ்டார்ட் ஆகாத கிட் கார்: செல்ஃப் மோட்டாரை மாற்றுவதற்கு முன்

பழைய கிளாசிக் வண்டியின் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றையும் கழற்றிப் புதிய சேசிஸில் ஏற்றி, மேலே ஃபைபர் பாடி போட்டுத் தன் கையாலேயே ஒரு கிட் கார் கட்டியவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் வருகிறார்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் எடுக்கிறது, ஒரு மணி நேரம் ஓட்டினாலும் எந்தத் தொல்லையும் இல்லை, பெட்ரோல் போட நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலருக்கு இன்ஜின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். வண்டி எலக்ட்ரிகல் வேலை செய்கிற எனக்கு இதில் கவலை என்னவென்றால், இவர்களில் நிறையப் பேர் என்னிடம் வருவதற்கு முன்பே நல்ல பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறார்கள், சிலர் தீ பிடிக்கிற அளவுக்கு ஆபத்தான வேலையும் செய்துவிட்டு வருகிறார்கள்.

ஒருவர் நாலு வருஷம் லீவு நாளையெல்லாம் போட்டுக் கட்டிய வண்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் செல்ஃப் மோட்டாரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, பேட்டரி பெரிதாகப் போட்டாகிவிட்டது, இக்னிஷன் காயிலும் புதுசு. பானெட்டைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது சோக் கேபிள்தான், அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை இழுக்கும் கம்பி. அதன் பிளாஸ்டிக் உறை நீளவாக்கில் உருகிப்போயிருந்தது. "இது எப்போ உருகுச்சு?" என்று கேட்டேன். "சைலன்சர் சூட்டுல உருகியிருக்கும்ணே" என்றார். சைலன்சர் பைப்போ அந்தப் பக்கமே வரவில்லை. அந்தக் கேபிளை உருக்கியது செல்ஃப் மோட்டாரின் கரண்ட்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிட் கார் கட்டுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. செல்ஃப் மோட்டார் சாதாரணமாக 150, 200 ஆம்பியர் இழுக்கும், இன்ஜின் இறுக்கமாக இருந்தால் அதற்கு மேலும் இழுக்கும். அத்தனை கரண்டும் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து போய், இன்ஜின் பிளாக் வழியாகத் திரும்பி நெகட்டிவுக்கு வந்தாக வேண்டும். இன்ஜின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மவுண்டில், அதனால் சேசிஸோடு அதற்கு மின்தொடர்பு கிடையாது. இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்றுதான் வழி. அவர் வண்டியில் அந்தப் பட்டை இருந்தது, புதுசாகப் பளபளவென்று இருந்தது, ஆனால் சேசிஸுக்கு அடித்த பவுடர் கோட்டிங் மேலேயே போல்ட் போட்டிருந்தார். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை எங்கோ கொஞ்சம் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் காலையில் வண்டி எடுத்தது. போதாத கரண்ட் வேறு வழி தேடி, இன்ஜினிலிருந்து டேஷ்போர்டின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் சோக் கேபிளைப் பிடித்துக்கொண்டது. அதன் பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.9 வோல்ட் காட்டியது. அந்த இடத்தில் பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவிய பிறகு 0.15 வோல்ட். முதலில் கழற்றிப் போட்டிருந்த பழைய செல்ஃப் மோட்டாரையே திரும்பப் பூட்டினோம், இன்றைக்கும் அதுதான் அந்த வண்டியில் ஓடுகிறது.

பாகம் கொடுத்த பழைய வண்டியில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. அங்கே இரும்பு பாடி சத்தமில்லாமல் இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. ஒன்று, முழு பாடியும் எர்த் கம்பியாக இருந்தது. இன்னொன்று, இன்ஜினைச் சுற்றி இருந்த இடைவெளியும் கிரில்லும் சூடு வெளியே போவதற்கு வழி விட்டன. ஃபைபர் பாடி போட்டதும் முதல் வேலைக்கு ஆள் இல்லை. தாழ்ந்த பானெட்டும் ஒடுங்கின மூக்கும் வைத்ததும் இரண்டாவதற்கும் ஆள் இல்லை. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் மாதிரியில் கட்டுகிற பல வண்டிகளில் பானெட்டில் வரிவரியாக வெட்டியிருப்பார்களே, அதை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், சூடு போகிற ஜன்னல் அது. கரண்ட் திரும்பி வருகிற வழி, சூடு வெளியே போகிற வழி, இந்த இரண்டையும் பார்க்காமல் பாகத்தைக் குறை சொல்லாதீர்கள்.

நிறுத்திய பிறகுதான் சூடு ஏறும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓடும்போது ஃபேன் காற்று வருகிறது, தண்ணீர் சுற்றுகிறது, உள்ளே வந்துகொண்டே இருக்கும் புது பெட்ரோல் கார்பரேட்டரைக் குளிர வைக்கிறது. சாவியை அணைத்ததும் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், ஆனால் பிளாக்கிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் இருக்கும் சூடு அப்படியே இருக்கிறது. அது பத்து, இருபது நிமிஷத்துக்குச் சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் ஏறும். அதனால்தான் அணைத்த உடனே ஸ்டார்ட் செய்தால் எடுக்கும், கால் மணி நேரம் கழித்து மறுக்கும், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கும்.

சரி, உங்கள் வண்டியில் எது என்று எப்படிப் பிரிப்பது? ஒரே கேள்விதான்: சூட்டில் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறதா, இல்லையா? மெதுவாக இழுத்தால், அல்லது 'டக்' என்று நின்றால், செல்ஃப், கேபிள், எர்த் பக்கம் பாருங்கள். காலையில் சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது ஸ்பார்க். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

சுற்றவில்லை என்றால் அளக்க வேண்டும், அதுவும் சூட்டில் அளக்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் அளந்து எல்லாம் சரி என்று சொல்லுவதில் பயன் இல்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் பிடிக்காமல் இருக்கக் காயிலுக்குப் போகும் கரண்ட் வயரைக் கழற்றி, அது எதிலும் படாதபடி டேப் சுற்றிவிட்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ அதன் முனையில் இருக்கும் லக்கிலோ குறை. எர்த் பக்கம், அதாவது பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே, 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் வரை இருக்கலாம். பேட்டரி முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்கும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. மல்டிமீட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை, செல்ஃப் மோட்டாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கேபிளும் எர்த்தும் சரியாக இருந்தும் 'டக்' என்றால் சொலினாய்டின், அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடுகிற மின்காந்த சுவிட்சின், சின்ன டெர்மினலுக்கு வருகிற வோல்ட்டைப் பாருங்கள். சொலினாய்டுக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள், செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியிலிருந்து 120-க்குப் போனால் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடிவிடும், அதனால் கரண்ட் குறைந்து இழுக்கும் பலமும் குறையும். அதே நேரத்தில் பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாக, வயசான மெல்லிய வயர் வழியாக வோல்ட்டும் குறைந்து வந்தால் சொலினாய்டு அசையாது. வோக்ஸ்வேகன் பீட்டிலை வைத்துக் கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1964-ல் புரூஸ் மேயர்ஸ் மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற ஃபைபர் பாடியைக் கொண்டுவந்ததிலிருந்து எத்தனையோ கிட் கார்கள் பீட்டிலின் மேல்தான் எழுந்தன. பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்குக் கீழே, செல்ஃப் மோட்டாரும் பின்னால்தான், ஆனால் ஸ்டார்ட் வயர் மட்டும் முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் சாவி வரை போய்த் திரும்பி வர வேண்டும். அந்தப் பயணத்தில் வீணாகிற வோல்ட்டுக்கு மருந்து ஒரு ரிலே, சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்குகிற சுவிட்ச். சாவியிலிருந்து வரும் வயர் ரிலேயை மட்டும் இயக்கட்டும், சொலினாய்டுக்கான கரண்ட் செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலிலிருந்தே ஃப்யூஸ் வைத்து தடித்த வயரில் ரிலே வழியாகப் போகட்டும். எந்த வண்டியிலும் இதைச் செய்யலாம், ஆனால் எர்த்தைச் சரி செய்யாமல் ரிலே போட்டுக் குறையை மூடிவிடாதீர்கள்.

எக்ஸாஸ்ட் பைப் செல்ஃபை ஒட்டிப் போனால் நடுவே இடைவெளி விட்டு ஒரு தகடு வையுங்கள். ஸ்பார்க் டைமிங் ரொம்ப அட்வான்ஸாக, அதாவது ஸ்பார்க் ரொம்ப முன்கூட்டியே வருகிறபடி, இருந்தாலும் சூட்டில் இன்ஜின் எதிர்த்து உதைக்கும், செல்ஃப் தடுமாறும், பார்க்கிறவருக்கு பேட்டரி டவுன் மாதிரி தெரியும். புதிதாகப் பிரித்துக் கட்டிய இன்ஜின் சூட்டில் இறுக்கமாகச் சுற்றுவதும் உண்டு, கொஞ்ச தூரம் ஓடினால் அது தானாகத் தளரும்.

இனி நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டி. பெட்ரோல் பல பொருள்கள் கலந்த திரவம், 35 டிகிரி சுமாரில் கொதிக்கத் தொடங்கி 200 டிகிரி வரை பகுதி பகுதியாக ஆவியாகும். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் இன்னும் சுலபமாக ஆவியாகிறது. அந்தக் கால வண்டிகள் பலவற்றில், உதாரணமாக எம்ஜிபி, டிரையம்ப் ஹெரால்ட் என்ற பிரிட்டிஷ் கார்களில், கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கும். ஃபோர்டு கென்ட் இன்ஜினில் 1967-ல் கிராஸ்ஃப்ளோ வந்தபோதுதான் இரண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் போயின. ஒரே பக்கம் இருக்கிற இன்ஜினைத் தாழ்ந்த பானெட்டுக்குள் வைத்தால் நிறுத்திய சில நிமிஷத்தில் கார்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதிக்கும். கொதித்து இன்லெட்டுக்குள் வழிந்தால் இன்ஜின் மூழ்கிப்போகும், இல்லையென்றால் ஆவியாகி சேம்பரே காலியாகிவிடும். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, பம்ப் செய்யாமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கரும்புகையோடு எடுக்கிறதா, மூழ்கியிருந்தது. எடுக்காமல், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்திருக்கிறதா, பெட்ரோல் வரவில்லை. இந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் சோக்கை இழுப்பவர்கள்தான் அதிகம், மூழ்கின இன்ஜினை அது இன்னும் மூழ்கடிக்கும்.

நிரந்தரமாகத் தீர்க்க, கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் பேக்லைட் மாதிரியான சூடு கடத்தாத ஸ்பேசர், கீழே தகடு, பெட்ரோல் லைன் எக்ஸாஸ்டை விட்டு விலகிப் போவது, முடிந்தால் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன். எலக்ட்ரிக் பம்பை டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக வையுங்கள், தள்ளுகிற பம்பின் லைனைவிட உறிஞ்சுகிற பம்பின் லைனில் ஆவி சுலபமாகக் கட்டும். அழுத்தத்தையும் கவனியுங்கள்: எஸ்யூ, வெபர் கார்பரேட்டர்களுக்கு 3 பிஎஸ்ஐ சுமார் போதும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப் 40 பிஎஸ்ஐ தரும், கைவசம் இருக்கிறதே என்று அதை மாட்டி, கார்பரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்துகிற நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வெளியே கொட்டிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பார்க் பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது இக்னிஷன் காயிலின் ஓம்ஸ்தான், அதாவது அதன் மின்தடை. காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கிற பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த வண்டியின் காயில் சுமார் 1.5 ஓம்ஸ், நேரடி 12 வோல்ட் காயில் சுமார் 3 ஓம்ஸ். வயரிங் செட்டை வெட்டிச் சுருக்கும்போது பேலஸ்ட் வயர் காணாமல்போய், 1.5 ஓம்ஸ் காயிலுக்கு முழு 12 வோல்ட்டும் போனால் அது கை வைக்க முடியாதபடி சுட்டு, சூட்டில் ஸ்பார்க் மங்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சரும் சூட்டில் மட்டும் கெட்டு, ஆறியதும் நல்லவனாகிவிடும்.

இப்போது நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம். செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டின் இரண்டு டெர்மினலையும் சேர்த்துத் தட்டுவது நிறையப் பேருக்கு வழக்கமாகிவிட்டது. சூடான இன்ஜின் அறையில், மேலே கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் கீழே பொறி தெறிக்க வைக்கிறீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் இறங்கித் தேங்கும். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும். ஃபைபர் பாடி பற்றினால் எரிகிற வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் முதலில் பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் காற்று விடுங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் தொடவே வேண்டாம். கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல் நடுவில் ஒரு நிமிஷம் ஆற விடுங்கள். பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் அரித்துவிடும், அதனால் எத்தனாலுக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரம் அச்சிட்ட ஹோஸாகப் போடுங்கள். எலக்ட்ரிக் பம்ப் இருந்தால் மோதினால் அதை அணைக்கிற இனர்ஷியா சுவிட்ச் இருக்க வேண்டும், கை எட்டும் இடத்தில் தீயணைப்பானும் இருக்க வேண்டும்.

இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு வேலை சுலபம். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கே நேராக ஒரு தடித்த கேபிள் இழுத்துவிடுங்கள், சேசிஸை நம்ப வேண்டாம். பேட்டரி பின்னால் இருந்தால் 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், பாசிட்டிவ் கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் குரோமெட் வையுங்கள். விளக்குகளுக்கு ஃபைபர் பாடி எர்த் தராது, அதற்குத் தனி வயர். சேசிஸ் பவுடர் கோட்டிங்குக்குப் போகும்முன்பே எர்த் புள்ளிகளைக் குறித்து, அந்த இடங்களை டேப்பால் மூடி அனுப்புங்கள். அப்புறம் வண்டி நன்றாக ஓடுகிற காலத்திலேயே ஒரு நாள் சூட்டில் அந்த வோல்ட் அளவுகளை எடுத்து, தேதியோடு ஒரு அட்டையில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த வருஷம் 'டக்' என்று சத்தம் வந்தால், எந்த எண் மாறியிருக்கிறது என்று அந்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.